காசாபிளாங்காவில் தொலைந்த கதை

நண்பர்களே, 'மே லீவுக்கு எங்கே போனே?' என்று எல்லோரும் கேட்டீர்கள். மொராக்கோ என்றதும் பாதிப் பேர் 'மலேசியாவா?' என்றீர்கள். இல்லை, இது ஆப்பிரிக்காவின் வடமேற்கு மூலை. அங்கே காசாபிளாங்கா துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் எங்கள் அப்பா கிரேன் மெக்கானிக். ஒன்றரை வருடம் கழித்து அவரைப் பார்க்கத்தான் போனோம். ஊர் சுற்றியதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஒட்டகம், மணல் என்று நினைத்துக்கொண்டு போனேன். இறங்கிப் பார்த்தால் டிராம் வண்டி, அகலமான ரோடு, வரிசையாக வெள்ளைக் கட்டடங்கள்! போர்ச்சுகீசியர் வைத்த பெயர் 'காசா பிராங்கா'. அரபியில் 'தார் எல் பைதா'. இரண்டுக்கும் வெள்ளை வீடு என்றுதான் அர்த்தம். 1755 பூகம்பத்தில் இடிந்த ஊரை மறுபடி கட்டியிருக்கிறார்கள். இந்த ஊர் பெயரில் 1942-ல் வந்த ஹாலிவுட் படத்தை அமெரிக்காவிலேயே எடுத்தார்களாம். நல்ல வேடிக்கை!

அப்பாவுக்குக் கிடைத்தது அரை நாள் லீவு. இரண்டாம் ஹஸன் மசூதியைப் பார்ப்பது என்று முடிவு. 1993-ல் கட்டி முடித்தது. கோபுரம் 210 மீட்டர். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல்! ஒரு பகுதி கடலுக்கு மேலேயே கட்டியது. கூரை திறந்து மூடும். முஸ்லிம் அல்லாதவர்களும் டிக்கெட் எடுத்து, குறிப்பிட்ட நேரத்தில் வழிகாட்டியோடு உள்ளே போகலாம்.

அங்கே சின்ன டாக்சி எல்லாம் சிவப்பு. மூன்று பேருக்கு மேல் ஏற்ற மாட்டார்கள். நாங்கள் நாலு பேர். முன் டாக்சியில் அப்பாவும் தம்பியும், பின் டாக்சியில் அம்மாவும் நானும். 'இரு, டிரைவர்கிட்ட நான் சொல்றேன்' என்று அப்பா இறங்கி வந்தார். 'எனக்கே தெரியும்ப்பா' என்றேன். இன்டர்நெட்டில் நாலு பிரெஞ்சு வார்த்தை படித்த திமிர்! 'ஹஸன் தெ' என்றேன். தெ என்றால் இரண்டு. டிரைவர் தலையாட்டினார்.

அவர் இறக்கிவிட்டுப் போன இடத்தில் கடலும் இல்லை, மசூதியும் இல்லை. எங்கே பார்த்தாலும் புறா. அதே மன்னர் பெயரில் ஒரு பெரிய சாலையும் இருக்கிறது என்று பின்னால்தான் தெரிந்தது. நாங்கள் நின்றது அதை ஒட்டிய ஐந்தாம் முகமது சதுக்கம். நீதிமன்றம், மணிக்கூண்டு எல்லாம் இருக்கிற அழகான இடம்தான். யார் பார்த்தது? அம்மாவின் போன் அப்பாவின் பையில். அப்பாவின் மொராக்கோ நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை.

அம்மா திட்டவில்லை. என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வளையல் அச்சு பதிந்துவிட்டது. 'அப்பா சொல்ல வந்தாரேடி' என்றார், அவ்வளவுதான். அதற்குத் திட்டியிருக்கலாம்.

புறாவுக்குத் தீனி விற்கிற ஒரு பாட்டி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். படித்த பிரெஞ்சு எல்லாம் அழுகையில் கரைந்துவிட்டது. பேனாவை எடுத்து உள்ளங்கையில் ஒரு சதுரக் கோபுரமும் கீழே மூன்று அலையும் வரைந்து காட்டினேன். பாட்டி சிரித்துவிட்டார். 'லா மொஸ்கே!' என்றார். பிரெஞ்சில் மசூதிக்கு அதுதான் பெயர்! அவரே ஒரு டாக்சியை நிறுத்தி, டிரைவரிடம் இரண்டு முறை சொல்லி ஏற்றிவிட்டார். அம்மா பணம் நீட்டியதும் நெஞ்சில் கை வைத்து, வேண்டாம் என்று தலையசைத்தார்.

மசூதி வாசல் ரோட்டில் அப்பா தம்பியைத் தூக்கிக்கொண்டு, வருகிற டாக்சியை எல்லாம் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனையும் சிவப்பு! எங்களைப் பார்த்ததும் அப்படியே பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டார். கையில் நாலு டிக்கெட், கசங்கிப் போயிருந்தது. காலை நேரம் முடிந்துவிட்டது. மதியம் அவருக்கு ஷிப்டு.

கூரை திறப்பதை நான் பார்க்கவில்லை. வெளி முற்றத்தில் நடந்தோம். சுவரெல்லாம் பச்சை, நீல ஓட்டுத் துண்டுகளால் கோலம் மாதிரி வேலைப்பாடு. பின்னால் அட்லாண்டிக் கடல் அடித்துத் தெறித்தது. யாரும் அதிகம் பேசவில்லை.

திரும்பும்போது அம்மா டாக்சியே வேண்டாம் என்றுவிட்டார். ஐக்கிய நாடுகள் சதுக்கம் வரை நடந்தே போய் டிராம் ஏறினோம். நாலு பேரும் ஒரே பெட்டியில். ஒவ்வொரு ஸ்டாப் வரும்போதும் தம்பி என்னிடம், 'அப்பா நம்பர் சொல்லு பார்ப்போம்' என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

- 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி