எட்டா, மூன்றா?

ஹைதராபாத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவரும் நான், சென்ற ஆண்டு ஒன்பது மாதங்கள் ஆய்வுப் பணியாக அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் தங்கியிருந்தேன். நான் குடியிருந்த வீட்டின் உரிமையாளர் எழுபதைக் கடந்தவர், தனியே வாழ்பவர். ஒரு சனிக்கிழமை காலை அவர் என் அறைக் கதவைத் தட்டி, "பழைய துப்பாக்கி ஒன்றை வாங்க எண்ணியிருக்கிறேன். கண் மங்கிவிட்டது. அதில் பொறித்திருப்பதைப் படித்துச் சொல்ல உடன்வருவீர்களா?" என்று கேட்டார். ஓலைச்சுவடிகளையும் கல்வெட்டுப் படிகளையும் படிப்பவன் நான் என்பது அவருக்குத் தெரியும். துப்பாக்கி பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்பதும் தெரியும்.

வழியில் காரணத்தைச் சொன்னார். அவருடைய தந்தை கொரியப் போரில் காலாட்படை வீரர். பிரவுனிங் தானியங்கித் துப்பாக்கியைச் சுமந்தவர். ஊர் திரும்பிய பின் போரைப் பற்றி அவர் வாய் திறந்ததில்லை. அந்தத் துப்பாக்கியின் கனத்தைப் பற்றி மட்டும் எப்போதாவது சொல்வாராம். தந்தை மறைந்த பிறகு அவருடைய படைப்பணி ஆவணங்களை மகன் கேட்டு எழுதினார். எரிந்துபோயின என்று பதில் வந்தது. 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் நகரத்து ஆவணக் காப்பகத்தில் மூண்ட தீயில் 1.6 கோடிக்கும் மேற்பட்ட படைவீரர் கோப்புகள் அழிந்தன. 1912 முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டோரின் கோப்புகளில் ஏறத்தாழ எண்பது விழுக்காடு அதில் போயின. "காகிதம் இல்லை. இரும்பாவது இருக்கட்டும்" என்றார் முதியவர்.

நம் நாட்டில் தானியங்கித் துப்பாக்கி, 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, தடைசெய்யப்பட்ட ஆயுதம். அங்கே நிலைமை வேறு. 1934-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றைப் பதிவுசெய்யச் சொல்லி, கைமாறும் ஒவ்வொரு முறையும் 200 டாலர் வரி விதித்தது. 1968-இல் ஒரு மாதம் பொதுமன்னிப்பு வழங்கி, பதிவின்றி வைத்திருந்தோரைப் பதிவுசெய்ய அழைத்தனர். 1986 மே மாதத்திற்குப் பின் தனியாருக்கான பதிவேட்டில் புதிய துப்பாக்கி ஏறாது என்று சட்டம் வந்தது. அன்று ஏட்டில் இருந்தவை மட்டுமே இன்றும் கைமாறுகின்றன. விலை ஏறியதன் காரணம் இதுவே. விற்பவர் கேட்ட தொகை 30,000 டாலருக்கும் மேல். என் ஐந்தாண்டு ஆய்வு உதவித்தொகை முழுவதையும் கூட்டினாலும் அதற்கு எட்டாது.

கடையில் துப்பாக்கி ஒரு மேசைமேல் துணி விரித்து வைக்கப்பட்டிருந்தது. தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியைக் கையில் வைத்திருக்க அந்நாட்டுச் சட்டம் பொதுவாக இடமளிப்பதில்லை. ஆகவே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து நின்றேன். வணிகர் திருப்பித் திருப்பிக் காட்டினார். முதியவர் எதை எதைப் பார்க்கவேண்டும் என்று வரிசையாகச் சொல்லிவந்தார்.

1918-இல் ஜான் பிரவுனிங்கின் வடிவமைப்பில் போருக்குச் சென்ற துப்பாக்கி இது. மேசைமேல் இருந்தது பின்னாளைய ஏ2 வகை. இருகால் தாங்கியோடு சேர்த்து எட்டரைக் கிலோவுக்கும் மேல் கனம். பழைய 1918 துப்பாக்கிகளைத் திருத்தி ஏ2 ஆக்கியதும் உண்டு, இரண்டாம் உலகப் போரில் புதிதாகச் செய்ததும் உண்டு. எது என்பதை உடற்பகுதியில் பொறித்த நிறுவனப் பெயர் சொல்லிவிடும். நான் படித்த பெயர் ஐபிஎம். கணிப்பொறிப் பெயராக மட்டுமே அறிந்திருந்த அதை அங்கே கண்டு வியந்தேன். கொரியப் போர்க்காலத்தில் ராயல் என்னும் தட்டச்சுப்பொறி நிறுவனமும் இதைச் செய்ததாக முதியவர் சொன்னார்.

அடுத்து, குழலில் பொறித்த ஆண்டு உடற்பகுதியின் காலத்தோடு பொருந்துகிறதா என்று பார்த்தோம். போர்க்காலச் சாம்பல் பூச்சு அப்படியே இருக்கிறதா, பின்னாளில் மெருகேற்றினார்களா என்று பார்த்தோம். படையினர் வெட்டிக் கழித்த துண்டுகளைப் பற்றவைத்து மீட்ட துப்பாக்கிகளும் சந்தையில் உண்டு என்பதால், உட்புறத்தில் பற்றவைப்புத் தழும்பு தேடினோம். இருகால் தாங்கி இருந்தது. சுமை குறைக்கப் படைவீரர் பலர் அதைக் கழற்றி எறிந்ததால் அது கிடைப்பது அரிது. இந்தத் துப்பாக்கி கொரியாவுக்கே போய்வந்தது என்றார் வணிகர். அதற்குச் சான்று கேட்டபோது சிரித்தார். கதையை வாங்காதே, பொருளை வாங்கு என்பது சேகரிப்பாளரிடையே வழங்கும் சொலவடையாம்.

இறுதியாகத் தொடர் எண். முதியவர் பதிவுத் தாளை என்னிடம் நீட்டினார். தாளைப் பார்த்தேன், இரும்பைப் பார்த்தேன், இலக்கம் இலக்கமாக உரக்கப் படித்தேன். பொருந்தியது. முதியவர் முகம் மலர்ந்தது. காசோலைப் புத்தகத்தை எடுத்தார்.

அந்த நொடியில் எனக்குள் ஓர் உறுத்தல். நான் இரும்பைப் படிக்கவில்லை. தாளில் படித்ததை இரும்பின்மேல் கண்டேன். ஏட்டைப் படியெடுப்போர் செய்யும் பிழை இதுவே. சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. ரகரமும் காலும் ஒன்றுபோல் இருக்கும். கண் தயங்கும் இடத்தில் மனம் தனக்கு வேண்டியதை நிரப்பிக்கொள்ளும். வணிகரிடம் கைவிளக்கு கேட்டு, கல்வெட்டுக்குப் பிடிப்பதுபோல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தேன். நான்காம் இலக்கத்தின் இடப்புறத்தில் தேய்ந்த இரண்டு வளைவுகள் மெல்ல எழுந்தன. தாளில் 3. இரும்பில் 8.

1968-இல் பதிந்தவர் தேய்ந்த எண்ணை மூன்றென்று எழுதியிருக்கவேண்டும். அதன்பின் கைமாறிய ஒவ்வொரு முறையும் தாளைப் பார்த்தே தாள் எழுதினார்கள் போலும். சட்டத்தின் பார்வையில் இதன் விளைவு பெரிது. தாளில் உள்ள துப்பாக்கி மேசையில் இல்லை. மேசையில் உள்ளது பதிவில் இல்லை. பதிவில்லாத தானியங்கித் துப்பாக்கியை வைத்திருப்பது அங்கே கடுங்குற்றம், இனிப் பதியவும் வழியில்லை. திருத்தம் கோரி அரசுக்கு எழுதலாம். அதை இப்போதைய உரிமையாளரே செய்யவேண்டும்.

"இத்தனை ஆண்டுகளாக யாருக்கும் தெரியாதது உங்களுக்குத் தெரிந்துவிட்டதா?" என்று வணிகர் என்னைக் கேட்டார். நான் பேசவில்லை. முதியவர் காசோலைப் புத்தகத்தை மூடி, "திருத்தம் வந்த பிறகு வருகிறேன்" என்றார்.

திரும்பும் வழியெல்லாம் அவர் மௌனமாக இருந்தார். பேசாமல் இருந்திருக்கலாமோ என்று எனக்குள் ஓர் எண்ணம் ஓடியது. மனிதரைக் கொல்லச் செய்த ஒரு கருவி விலைபோகாததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் தந்தையின் கனத்தைத் தோளில் ஒருமுறை உணர விரும்பிய மகனின் கையிலிருந்து அதைப் பறித்தது என் வாய். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அவர் சொன்னார்: "முதலில் மூன்று என்றீர்கள். அத்தோடு விட்டிருந்தால் நான் மகிழ்ந்திருப்பேன். என்றாவது ஒருநாள் அதையும் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள்."

ஹைதராபாத் திரும்பிச் சில மாதங்களாயின. சென்ற வாரம் அவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. வணிகர் திருத்தம் கோரி விண்ணப்பித்துவிட்டார்; அன்று சாய்வொளியில் நான் எடுத்த ஒளிப்படத்தையும் இணைக்க விரும்புகிறார். அனுப்பிவைத்தேன். அனுப்பும் முன் படத்தைப் பெரிதாக்கி, அது எட்டுதானா என்று மீண்டும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.