கொலஸ்ட்ரோல் குளிசையும் புளிப்புப் பழமும்



"கொலஸ்ட்ரோல் குளிசை போடுறவங்க புளிப்புப் பழம் எதுவும் தின்னப்படாது." இப்படி ஒரு குரல் பதிவு நம்ம ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் சுத்துது. எங்க உம்மா தேசிக்காய் பிழியிறதையே விட்டுட்டாங்க. பக்கத்து வீட்டு மாமி பழத்தை விட ஏலாதுன்னு குளிசையை நிப்பாட்டிட்டாங்க. போன வருஷம் ஹார்ட் அட்டாக் வந்தவங்க அவங்க. அதனால்தான் எழுதுறேன். நான் டாக்டர் இல்லை, விஞ்ஞானம் படிப்பிக்கிறவன்.

பிரச்சினைக்குரிய பழம் கிரேப்ஃப்ரூட். பெயரைக் கேட்டு திராட்சைன்னு நினைக்காதீங்க. அது தோடை இனம், கசப்பும் புளிப்பும் கலந்தது. நம்ம குடலில் உள்ள ஒரு நொதியம், மருந்தின் ஒரு பகுதியை இரத்தத்துக்குப் போக முன்னமே உடைச்சிடும். கிரேப்ஃப்ரூட் அந்த நொதியத்தை முடக்கும். அப்ப போட்டது ஒரு குளிசைதான் என்றாலும் இரத்தத்தில் சேருவது கூடுதலான மருந்து. அதனால் தசை நோ வரலாம். அரிதாகத் தசை சிதைந்து சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். காலையில் பழம், இரவில் குளிசைன்னு பிரிச்சாலும் சரிவராது. நொதியம் பழையபடி வர ஒரு நாளுக்கு மேல் எடுக்கும்.

எல்லாக் குளிசைக்கும் இது ஒரே மாதிரி இல்லை. சிம்வஸ்டாட்டினுக்கு அதிகம், அடோர்வஸ்டாட்டினுக்கு அதைவிடக் குறைவு, ரோசுவஸ்டாட்டினுக்கு இல்லை. உங்க குளிசையின் பெயரை கிளினிக் கொப்பியில் பாருங்க.

நம்ம ஊர் ஜம்போலாவும் கிரேப்ஃப்ரூட்டின் சொந்தக்காரன்தான், அதே வகைப் பொருட்கள் அதிலும் இருக்கு. சிம்வஸ்டாட்டின், அடோர்வஸ்டாட்டின் போடுறவங்க டாக்டரிடம் கேட்டுட்டுச் சாப்பிடுங்க. சாதாரண தோடம்பழத்துக்கும், கறிக்குப் பிழியிற தேசிக்காய்க்கும் பயப்படத் தேவையில்லை.

கடையில் விற்கிற "ரெட் ஈஸ்ட் ரைஸ்" குளிசை வேற, நாம ஆக்குற சிவப்பரிசிச் சோறு வேற. முந்தினதில் ஸ்டாட்டின் வகைப் பொருளே இருக்கு. இரண்டையும் சேர்த்துப் போடாதீங்க. வேற வருத்தத்துக்கு மருந்தெடுக்கப் போனாலும் இந்தக் குளிசை போடுறதைச் சொல்லுங்க. கிளரித்ரோமைசின் மாதிரி சில அன்டிபயோட்டிக்கும் இதோடு ஒத்துவராது.

நோன்பில் இஃப்தாருக்குப் பிறகு போடலாம். சிம்வஸ்டாட்டின் என்றால் இரவில் போடுறது நல்லது.

காரணமில்லாமல் உடம்பு முழுக்கத் தசை நோ, சிறுநீர் கபில நிறம் என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. மற்றபடி டாக்டரிடம் கேட்காமல் குளிசையை நிப்பாட்டாதீங்க. பழத்தை விட்டால் ஒரு ருசிதான் போகும். குளிசையை விட்டால் இதயத்துக்கு இருக்கிற காவல் போயிடும்.

குரல் பதிவு அனுப்பின குழுமங்களுக்கு இதையும் அனுப்பிவிடுங்க. அல்லாஹ் எல்லாருக்கும் ஆஃபியத்தைத் தருவானாக.