சேர்வராயன் மலையும் எழுதப்படாத ஒரு நாவலும்

ஏற்காடு போகிறவர்கள் ஏரியில் படகு விட்டு, லேடீஸ் சீட்டில் நின்று சேலத்தை எட்டிப் பார்த்துவிட்டு, நேரம் மிச்சமிருந்தால் சேர்வராயன் கோயிலுக்கும் போவார்கள். 5326 அடி உயரத்தில் மொட்டையான உச்சி. குனிந்து நுழைய வேண்டிய குகை. உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும். மே மாதத் திருவிழாவுக்கு மலை ஊர்களிலிருந்து மலையாளிகள் வந்து கூடுவார்கள். (கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். இவர்கள் மலையில் வாழ்கிற, தமிழ் பேசுகிற பழங்குடியினர்.)

இவர்களில் ஒரு குடும்பத்தை வைத்துச் சரித்திர நாவல் எழுத ஒருவர் கிளம்பினால் எங்கே போய்த் தேடுவது?

அமெரிக்காவில் ஆமிஷ் குடும்பத்தைப் பற்றி எழுதுகிறவருக்கு இந்தக் கஷ்டம் குறைவு. 1737ல் 'சார்மிங் நான்சி' கப்பலில் பிலடெல்பியா வந்து இறங்கியவர்களின் பட்டியல் இருக்கிறது. மின்சாரம் வேண்டாம், கார் வேண்டாம் என்கிற ஆமிஷ்காரர்கள், கொள்ளுத்தாத்தாவின் பிள்ளைகள் பேரை மட்டும் புத்தகமாக அச்சடித்து வைத்துக்கொள்வார்கள்!

இங்கே இருப்பது வாய்மொழிக் கதை. காஞ்சிபுரத்திலிருந்து பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று சகோதரர்கள் புறப்பட்டு வந்தார்களாம். சேர்வராயன் மலை, பச்சைமலை, கொல்லிமலை என்று ஆளுக்கொரு பக்கம் குடியேறினார்களாம். தாங்கள் வேளாளர் வழி என்றும் அந்தக் கதை சொல்கிறது. தர்ஸ்டன் 1909ல் ஏழு தொகுதியாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய நூலிலும் இது பதிவாகியிருக்கிறது. ஆனால் அது கேட்டு எழுதியதுதான். வருஷம் கிடையாது, ராஜா பேர் கிடையாது. அதே மலைக்கு 1820களில் காபிச் செடி கொண்டுவந்த சேலம் கலெக்டர் காக்பர்ன் பெயர் மட்டும் எல்லாருக்கும் தெரியும். எழுதி வைத்தவன் கதை நிற்கிறது, வேறென்ன?

அது கூடப் பரவாயில்லை. நிஜமான சிக்கல் இந்தக் கதையிலேயே இருக்கிறது. சேலம் மாவட்ட மலையாளிகள் அரசுப் பட்டியலில் பழங்குடியினர். பிள்ளைகளின் படிப்பும் வேலையும் அந்தச் சான்றிதழை நம்பி இருக்கின்றன. சான்றிதழில் சந்தேகம் வந்தால், பழக்கவழக்கம் என்ன, பூர்வீகம் என்ன என்று விசாரணை நடக்கும். தாத்தா திண்ணையில் பெருமையாகச் சொன்ன காஞ்சிபுரத்துக் கதையை நாவலாசிரியர் ஊர்ப் பேர், வகுப்புப் பேரோடு அச்சில் ஏற்றினால், அது பேரனின் ஃபைலில் போய் உட்காராது என்று யார் உத்தரவாதம் தர முடியும்? பழங்கதையை ஆதாரமாக எடுப்பது நியாயமில்லைதான். ஆனால் நியாயம் கிடைக்கும்வரை அலையப்போவது எழுதியவர் இல்லை.

எழுதுகிறவருக்கு ஆபத்தே இல்லை என்றும் சொல்ல முடியாது. பக்கத்துத் திருச்செங்கோட்டை வைத்துப் பெருமாள்முருகன் 2010ல் எழுதிய 'மாதொருபாகன்' பட்ட பாடு தெரியும். 2015 ஜனவரியில் எழுத்தையே விடுவதாக அறிவித்தார். 2016ல் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் திரும்பி வந்தார்.

இதற்காக எழுதாமல் இருந்துவிடலாமா? கூடாது. ராஜம் கிருஷ்ணன் படகர் இனத்தவரும் அல்ல, நீலகிரியில் பிறந்தவரும் அல்ல. கணவர் வேலை பார்த்த மலையில் தங்கி, பேசிப் பழகி 'குறிஞ்சித்தேன்' எழுதினார். இங்கும் அந்த வழிதான் சரிப்படும். காஞ்சிபுரத்தை விட்டுவிட்டுப் பாட்டிமார்களிடம் போகலாம். எந்த ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்தீர்கள், எந்த நிலம் கைவிட்டுப் போயிற்று, எந்தத் தோட்டத்தில் பழம் பறித்தீர்கள் என்று கேட்கலாம். எழுதியதை அவர்களுக்கே வாசித்துக் காட்டி, வேண்டாம் என்பதை எடுத்துவிடலாம். மே மாதம் கோயிலில் ஆரம்பிப்பது நல்லது. சிதறிக் கிடக்கிற சொந்தமெல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பது அப்போதுதான்.