ஒரு மாவட்டம், மூன்று மண்... உங்கள் வண்டிக்கு எந்த டயர்?

தூத்துக்குடி மாவட்டத்தின் வடக்கே எட்டயபுரம், விளாத்திகுளம், புதூர் பக்கம் கரிசல். நடுவே தாமிரபரணி பாயும் வண்டல். தெற்கே திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கம் செக்கச்செவேலென்ற தேரி மணல். காலையில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் ஒரே காரில் இந்த மூன்றையும் பார்த்துவிடலாம். 'தோட்டத்துக்கும் போகணும், டவுனுக்கும் போகணும், எங்க வண்டிக்கு எந்த டயர் போடலாம்?' என்று கேட்கிறார்கள் சின்ன எஸ்.யூ.வி வைத்திருக்கும் விவசாயிகள். இந்த வழியாக ஒருமுறை போய் வந்தாலே அதற்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

கடையில் மூன்று வகை டயர்கள் இருக்கும். ஹெச்.டி. என்பது தார்ச்சாலைக்கானது. புது வண்டியில் பெரும்பாலும் இதுதான் வரும். பட்டன்கள் நெருக்கமாகவும், தண்ணீர் வெளியேற நீளவாக்கில் காடிகளோடும் இருக்கும். எம்.டி. என்பது சேற்றுக்கானது. பெரிய பட்டன்களும் அகலமான இடைவெளியுமாகப் பார்க்கவே முரட்டுத்தனமாக இருக்கும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஏ.டி. இது தார், மண் இரண்டிலும் ஓடுவதற்கானது. மூன்றில் எது உசத்தி என்பதல்ல கேள்வி. எந்த மண்ணில், வருஷத்தில் எத்தனை நாள் ஓடுகிறது என்பதுதான் கேள்வி.

கரிசலில் மழைக்குப் பிறகு...

எட்டயபுரத்திலிருந்து விளாத்திகுளம் பக்கம் போனால் சாலையின் இருபுறமும் மானாவாரிப் புஞ்சைகள். உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளம், கம்பு, மிளகாய், கொத்தமல்லி என்று வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைக்கும் பூமி. ஊர்ச்சாலையை விட்டுப் புஞ்சைக்கு இறங்கும் வண்டிப்பாதை கோடையில் இறுகிக் கிடக்கும். அப்போது எந்த டயரும் போய் வந்துவிடும்.

ஐப்பசியில் இரண்டு நாள் மழை பிடித்துவிட்டால் கதையே வேறு. கரிசலில் உள்ள களி தண்ணீரைக் குடித்து உப்பும். செருப்பில் அப்புவதுபோலவே டயரிலும் அப்பும். சக்கரம் நாலைந்து சுற்று சுற்றுவதற்குள் பட்டன்களின் இடைவெளி அடைபட்டு, புது டயரும் மொட்டை டயர் ஆகிவிடும். ஏ.டி. போட்டிருந்தால் கூடக் கொஞ்ச தூரம் போகலாம், அவ்வளவுதான். எம்.டி. டயர் சேற்றை உதறித் தள்ளும். ஆனால், சக்கரம் வேகமாகச் சுழன்றால்தான் உதறும். சின்ன எஸ்.யூ.வி-க்களில் பெரும்பாலானவற்றில் முன்சக்கரங்களுக்கு மட்டும்தான் இழுவை. டயருக்கும் மட்கார்டுக்கும் இடையில் விடப்பட்டிருக்கும் இடமும் குறைவு. அந்த இடத்தில் களி அடைத்துக்கொண்டால் எந்த டயராக இருந்தாலும் சக்கரம் திணறும். டிராக்டர் போன தடத்தில் இறங்கிவிட்டால் வண்டியின் வயிறு மண்ணில் தட்டி, சக்கரம் அந்தரத்தில் சுற்றும். அதற்கு டயர் வைத்தியம் கிடையாது.

ஈரக் கரிசலுக்கு ஏற்ற டயர், சின்ன எஸ்.யூ.வி-யைப் பொறுத்தவரை, இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். சரள் போட்ட இடத்தோடு வண்டியை நிறுத்திவிட்டு நடப்பதுதான் வழி. பிடிவாதமாக உள்ளே விட்டால் வண்டி மாட்டுவதோடு போகாது. பாதையில் விழும் பள்ளம் காய்ந்து இறுகி, அடுத்த மழை வரைக்கும் அந்த வழியே போகிற எல்லோருக்கும் தொல்லை.

இந்தப் பக்கத்தில் டயருக்கு இன்னொரு எதிரி சீமைக்கருவேல முள். முள்ளை வெட்டிப் போட்ட இடத்திலும், வேலி அடைத்த பாதையிலும் இதுதான் பஞ்சருக்குக் காரணம். ஏ.டி. டயரில் மண்ணைத் தொடும் பகுதி கொஞ்சம் தடிமனாக இருப்பதால் ஓரளவு தாங்கும். முள் ஒடிந்து உள்ளேயே தங்கிவிட்டால் காற்று ஒரேயடியாக இறங்காமல், ஒரு வாரமாகக் கசியும். பட்டன் பகுதியில் ஏறிய முள்ளைப் பிடுங்கி, டியூப்லெஸ் டயரில் பஞ்சர் ஒட்டிவிடலாம். பக்கவாட்டுச் சுவரில் கிழிந்துவிட்டால் அந்த டயரை மாற்றத்தான் வேண்டும்.

நாலுவழிச் சாலையில் தெரியும் விலை

எட்டயபுரத்திலிருந்து தூத்துக்குடிக்கு தேசிய நெடுஞ்சாலை 38. இங்கேதான் டயரின் உண்மையான சோதனை. புஞ்சையில் டயர் ஏமாற்றினால் வண்டி மாட்டிக்கொள்ளும். இங்கே ஏமாற்றினால் உயிருக்கு ஆபத்து. நனைந்த தாரில் திடீரென்று பிரேக் பிடிக்கும்போது, பட்டன் பெரிதாகவும் இடைவெளி அகலமாகவும் உள்ள டயர் தாரைத் தொடும் பரப்பு குறைவு. அதனால் நல்ல ஹெச்.டி. டயரைவிட எம்.டி. டயரில் வண்டி நிற்கக் கூடுதல் தூரம் எடுக்கும். ஏ.டி. டயரிலும் ஓரளவு அதே நிலைதான். சத்தம், சீக்கிரத் தேய்மானம், கொஞ்சம் கூடுதல் டீசல் அல்லது பெட்ரோல் ஆகியவை இதற்கு மேல்.

குடும்பத்தோடு ஆஸ்பத்திரிக்கோ கல்யாணத்துக்கோ மழையில் போகும் வண்டிக்கு இந்தக் கணக்கு முக்கியம். புஞ்சைப் பாதையிலிருந்து ஏறியதும் டயரில் ஒட்டிய களியைக் குச்சியால் தட்டிவிட வேண்டும். ரிம்மின் உள்பக்கத்தில் களி காய்ந்திருந்தாலும் வேகமெடுத்ததும் ஸ்டீயரிங் உதறும். அலைன்மென்ட் போய்விட்டதாக நினைத்துச் செலவு செய்யும் முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

வாய்க்கால் கரையும் தேரியும்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் சாலையில் முக்காணி, ஆத்தூர் பக்கம் வந்தால் கண்ணுக்குக் குளிர்ச்சியாக வாழையும் நெல்லும் வெற்றிலைக் கொடிக்காலும். இங்கே வண்டி போவது வாய்க்கால் கரைகளில். கரை மேலாகக் கெட்டி, ஓரம் மட்டும் வழுக்கல். கவலை மாட்டிக்கொள்வதில் இல்லை, பக்கவாட்டில் சறுக்கி வாய்க்காலுக்குள் இறங்குவதில்தான். ஓரத்துப் பட்டன்கள் தடிமனாக உள்ள ஏ.டி. டயர் பலன் தரும் இடம் இதுதான். வாரத்தில் நாலைந்து நாள் இப்படிப்பட்ட கரையில் போகிறவர்கள் ஏ.டி. போட்டால் வீண் போகாது.

திருச்செந்தூரைத் தாண்டி காயாமொழி, தேரிக்குடியிருப்பு பக்கம் திரும்பினால் செம்மணல். பனை, முருங்கை, முந்திரி. குதிரைமொழித் தேரி காப்புக்காடு, அதற்குள் வண்டியை விடக் கூடாது. ஓரத்துத் தோட்டப் பாதைகளிலேயே மணலின் குணம் தெரிந்துவிடும். இங்கே முரட்டுப் பட்டன் உதவாது. வேகமாகச் சுற்றினால் மணலைத் தோண்டி வண்டியை உள்ளே இறக்கிவிடும். மணலில் உதவுவது காற்றைக் குறைப்பதுதான். வழக்கமாக 33 பி.எஸ்.ஐ. இருக்கும் டயரில் 18 முதல் 20 வரை இறக்கினால் டயர் நீளவாக்கில் பரந்து மணல்மேல் மிதந்தாற்போல் போகும். அப்போது வேகம் கூடாது, சட்டென்று திருப்பவும் கூடாது. தார்ச்சாலை ஏறும் முன் மறுபடி காற்று ஏற்றியே ஆக வேண்டும். காற்று குறைந்த டயர் வேகத்தில் சூடாகி வெடிக்கும். முள் உள்ள பாதையில் காற்றைக் குறைக்கவே வேண்டாம், பிதுங்கி நிற்கும் பக்கவாட்டுச் சுவரில் முள் ஏறிவிடும். ஏர் கேஜ் ஒன்றும், காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் செருகும் சின்ன கம்ப்ரஸர் ஒன்றும் தேரிப் பக்கத்தில் புது டயரைவிடப் பிரயோஜனம்.

'பெரிய டயர் போட்டால் உயரம் கூடுமே?'

கூடும். எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பிரெஸ்ஸா, வென்யூ போன்ற வண்டிகளின் சில மாடல்களில் வரும் அளவு 215/60 ஆர் 16. இதில் 215 என்பது மில்லிமீட்டரில் அகலம். 60 என்பது அகலத்தில் எத்தனை சதவிகிதம் பக்கவாட்டு உயரம் என்பது. 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். இந்த டயரின் மொத்த உயரம் சுமார் 66.4 செ.மீ. அதையே 215/65 ஆர் 16 ஆக்கினால் 68.6 செ.மீ. டயர் 2 செ.மீ.க்கு மேல் உயர்ந்தாலும், வண்டி உயர்வது அதில் பாதி, ஒரு செ.மீ. சொச்சம்தான். அதற்குப் பதிலாக, மீட்டர் 80 காட்டும்போது வண்டி 82, 83-ல் போகும். மட்கார்டில் உரசவும் வாய்ப்பு உண்டு. டிரைவர் கதவுப் பக்கத்து ஸ்டிக்கரில் நிறுவனம் கொடுத்திருக்கும் அளவை விட்டு விலகாமல் இருப்பதே பாதுகாப்பு. லோடு எண்ணும் அதற்குக் குறையக் கூடாது. 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும், 95 என்றால் 690 கிலோ.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

* பக்கவாட்டில் நான்கு இலக்கத் தேதி இருக்கும். 2324 என்றால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரத் தயாரிப்பு. பழைய சரக்கைத் தள்ளுபடி விலைக்குத் தந்தாலும் யோசித்து வாங்குங்கள்.

* நான்கும் ஒரே வகையாக இருக்கட்டும். முன்னால் ஏ.டி., பின்னால் தேய்ந்த ஹெச்.டி. என்று கலந்தால் மழையில் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போகும்.

* சட்டப்படி காடியின் ஆழம் 1.6 மி.மீ. இருந்தால் போதும். மழையில் ஓடும் வண்டிக்கு 3 மி.மீ.க்கு இறங்கியதும் மாற்றுவது நல்லது.

* ஸ்டெப்னியையும் மறக்காமல் காற்றுப் பாருங்கள்.

டயருக்குப் பணம் எடுத்து வைக்கும் முன் ஒரு மாதம் நோட்டில் குறித்து வாருங்கள். தாரில் எத்தனை கிலோமீட்டர், மண்ணில் எத்தனை? பத்தில் எட்டுப் பங்கு தார் என்று வந்தால் நல்ல ஹெச்.டி. டயரே போதும். மிச்சமாகும் பணத்தில் கம்ப்ரஸரும், ஒரு மண்வெட்டியும், இழுக்கிற கயிறும் வாங்கி டிக்கியில் போட்டுக்கொள்ளலாம். பாதிக்குப் பாதி மண், அதிலும் வாய்க்கால் கரை, சரள், முள் என்றால் ஏ.டி. எம்.டி. என்பது நான்கு சக்கர இழுவை உள்ள வண்டியோடு தினமும் சேற்றில் கிடப்பவர்களுக்கு. மழை பிடித்த கரிசலுக்கு மட்டும், என்ன டயர் போட்டிருந்தாலும், டிராக்டரும் கால்நடையும்தான்.