அப்பாவின் டீசலும் என் பவர்பாயின்ட்டும்!

ஃப்ரெண்ட்ஸ், முதல்ல ஒரு குட்டிக் கணக்கு. ஒரு லிட்டர் டீசல் என்ன எடை இருக்கும்? சுமாரா 830 கிராம். அதை முழுசா எரிச்சா எவ்வளவு கார்பன் டை ஆக்ஸைடு வரும்? 'அதே 830 கிராம்தானே... அதுக்கு மேல எப்படி வரும்?'னு நினைக்கிறவங்க கையைத் தூக்குங்க! எங்க கிளாஸ்ல பாதிப் பேர் தூக்கினாங்க. விடை, 2.6 கிலோ! மேஜிக் எல்லாம் இல்லீங்க. டீசல்ல இருக்கிற ஒவ்வொரு கார்பனும் எரியும்போது, காத்துல சும்மா சுத்திக்கிட்டிருக்கிற ரெண்டு ஆக்சிஜனைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போகுது. அதோட எடையும் சேர்ந்துதான் இந்தக் கணக்கு.

இதெல்லாம் எனக்கு ஏன் மனப்பாடம்னா, எங்க வீட்டு வாசல்ல ஒரு குட்டி யானை நிக்குது. நிஜ யானை இல்ல, லோடு வண்டி. ஏரல் பக்கம் இருந்து வாழைத்தார் ஏத்திக்கிட்டு தூத்துக்குடிக்கு அப்பா ரெண்டு நடை அடிப்பார். போக வர 120 கிலோமீட்டர். லோடோட லிட்டருக்கு 15 கிலோமீட்டர்னு வெச்சா ஒரு நாளைக்கு 8 லிட்டர். அதாவது 21 கிலோ புகை! அப்பாகிட்ட இதைச் சொன்னப்ப அவர் முகத்தைப் பார்க்கணுமே... "ஏட்டி, ஒரு தார் எடை வருதே! தெனம் ஒரு தாரு கணக்குல நான் காத்துல ஏத்திவிடுதேனா?"

இந்தக் கணக்கைப் போட வேண்டி வந்தது 2024 பிப்ரவரியில. நான் அப்ப பாளையங்கோட்டையில செகண்ட் இயர். டிபார்ட்மென்ட் பட்டிமன்றத்துக்கு 'எரிபொருள் விலையேற்றம் பூமிக்கு நல்லதா, கெட்டதா?'ன்னு தலைப்பு. சீட்டுக் குலுக்கிப் போட்டதுல எனக்கு வந்தது... நல்லது! டீசல் விலையைப் பார்த்துட்டு தினமும் காலையில ஒரு தடவை பெருமூச்சு விடுற மனுஷனோட பொண்ணு, விலை ஏறுறது நல்லதுன்னு மைக் பிடிச்சுப் பேசணும். சூப்பர்ல?

இதுல இன்னொண்ணும் இருக்கு. அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி, 2023 டிசம்பர் 17, 18-ல தென் மாவட்டங்கள்ல கொட்டின மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர்! தாமிரபரணி ஊருக்குள்ள வந்துருச்சு. ஸ்ரீவைகுண்டத்துல ரயில் நின்னு, பயணிகள் மாட்டிக்கிட்டதை டி.வி-யில பார்த்திருப்பீங்க. ஏரல் கடைத்தெருவே தண்ணிக்குள்ள. எங்க குட்டி யானையும்தான். இன்ஜின்ல சேறு. இன்சூரன்ஸ் தேர்டு பார்ட்டி மட்டும்தான் போட்டிருந்துச்சு, அதனால ஒரு பைசா வரலை. அம்மாவோட வளையல் அடகுக்குப் போய்தான் வண்டி திரும்ப ஸ்டார்ட் ஆச்சு. 'வண்டியை வித்துப்புட்டு திருப்பூர் பக்கம் போயிரலாமா'ன்னு அப்பா ராத்திரியில அம்மாகிட்ட கேட்டதை, தூங்குற மாதிரி படுத்துக்கிட்டு நான் கேட்டேன்.

ஆக, விலை ஏறினாலும் அடி எங்க வீட்டுக்கு, வானம் கெட்டாலும் அடி எங்க வீட்டுக்கு. பட்டிமன்றத்துல ரெண்டு பக்கமும் பேச எங்கிட்ட பாயின்ட் இருந்துச்சு பாஸ்!

ஊர் டீக்கடையில ஒருநாள் அப்பா வேணும்னே இந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டார். ஒரு தாத்தா, "92-லயும் ஆத்துல வெள்ளம் வந்துச்சு. அன்னிக்கு என்ன பாப்பா, கிளைமேட் சேஞ்சா?"ன்னார். கரெக்ட்தான், 1992 நவம்பர்ல தாமிரபரணி ஊரையே புரட்டிப் போட்டுச்சு. வெள்ளம் புதுசு இல்ல. ஆனா காத்து ஒரு டிகிரி சூடானா அதுக்கு ஏறக்குறைய 7 சதவிகிதம் அதிகமா ஈரத்தைச் சுமக்க முடியும். பூமி ஏற்கெனவே ஒரு டிகிரிக்கு மேல சூடாகிருச்சு. எந்த வெள்ளத்தையும் காட்டி 'இதுக்குக் காரணம் இந்தப் புகைதான்'னு ஒரே வரியில சொல்லிட முடியாது. ஆனா பெரிய மழை பெய்யுறப்ப அது இன்னும் பெரிய மழையா ஆகுறதுக்கு வழி திறந்து வெச்சிருக்கோம். தாத்தா, "மழைக்கு வாளி பெருசாயிடுச்சுங்க?"ன்னார். நான் மூணு ஸ்லைடுல சொல்ல நினைச்சதை மனுஷன் மூணு வார்த்தையில முடிச்சுட்டார்!

பக்கத்துல இருந்த அண்ணாச்சி விடலை. "எல்லாம் வெள்ளைக்காரன் வேலை. அவன் இருநூறு வருஷம் எரிச்சு மாடி கட்டிக்கிட்டான். நாம அடுப்பைப் பத்த வெச்சா புகை வருதுங்கான்." சிரிக்காதீங்க, இவர் பேச்சுல பாதி உண்மை. 2023 கணக்குப்படி ஒரு இந்தியருக்கு வருஷத்துக்கு சுமார் 2 டன் கார்பன் டை ஆக்ஸைடு. ஒரு அமெரிக்கருக்கு 14 டன்னுக்கு மேல. கோபம் நியாயம். ஆனா நியாயமான கோபம் இருக்குன்னா புகை இல்லேன்னு ஆயிடுமா? அண்ணாச்சி அங்கதான் வண்டியை வேற ரோட்டுல திருப்பிட்டார்.

அப்பா இந்த ரெண்டு கட்சியிலயும் இல்ல. அவர் கேட்டது ஒரே கேள்விதான். "சரிட்டி, எல்லாம் நெசம்னே வெச்சுக்கிடுவோம். வெலை ஏத்துனா நான் வாழைத்தாரைத் தலையில சுமந்துக்கிட்டா போவேன்?"

இந்தக் கேள்வியை வெச்சுக்கிட்டுத்தான் நான் விலை வரலாற்றைத் தோண்டினேன். அதுல செம காமெடி எல்லாம் இருக்கு. 2020 ஏப்ரல் 20-ம் தேதி அமெரிக்காவுல கச்சா எண்ணெய் விலை பூஜ்யத்துக்குக் கீழே போச்சு. மைனஸ் 37 டாலர்! எடுத்துட்டுப் போனா அவங்களே காசு தருவாங்க. இங்கே? அந்த மார்ச்ல லிட்டருக்கு 3 ரூபாய், மே மாசம் டீசலுக்கு 13 ரூபாய், பெட்ரோலுக்கு 10 ரூபாய்னு மத்திய அரசு கலால் வரியை ஏத்துச்சு. மாநில அரசும் தன் பங்குக்கு வாட் வரியை ஏத்துச்சு. 2014 ஏப்ரல்ல டீசலுக்கு 3 ரூபாய் 56 காசா இருந்த கலால் வரி, 2020 மே மாசம் 31 ரூபாய் 83 காசு. அப்புறம் 2021 நவம்பர்லயும் 2022 மே மாசமும் குறைச்சாங்க. 2022 மே குறைப்புக்கு அப்புறம் சென்னையில டீசல் 94 ரூபாய் 24 காசு. அந்த வருஷக் கடைசியில உலகச் சந்தையில எண்ணெய் நல்லாவே இறங்கினப்பவும், 2024 மார்ச்ல 2 ரூபாய் குறைக்கிற வரைக்கும் பங்க்ல விலை அசையலை. ஏறினப்போ ஆன நஷ்டத்தை ஈடுகட்டுறோம்னாங்க எண்ணெய் கம்பெனிகள். இருக்கலாம். நான் கவனிச்சது வேற... இத்தனை ஏத்தம் இறக்கத்துல ஒரு தடவையாவது அந்தக் காசுல அப்பா மாதிரி ஆளுங்களுக்குப் புகை இல்லாத ஒரு வழி வந்து சேர்ந்துச்சா? எங்க ஊருக்கு வரலை.

எதிரணியில பேசின பையன் பிரான்ஸைத் தூக்கிட்டு வந்தான். 2018 நவம்பர் 17, மஞ்சள் ஜாக்கெட் போராட்டம். கார்ல கட்டாயம் வெச்சிருக்க வேண்டிய அந்தப் பளபள ஜாக்கெட்டை மாட்டிக்கிட்டு ஜனங்க ரவுண்டானாக்களை மறிச்சுட்டாங்க. அடுத்த ஜனவரியில எரிபொருள் வரி ஏறப்போகுது, அதுக்கு அரசாங்கம் சொன்ன காரணம் சுற்றுச்சூழல். 'உங்களுக்கு உலகத்தோட கடைசி பத்திக் கவலை, எங்களுக்கு மாசக் கடைசி பத்திக் கவலை'ங்கிற மாதிரி அவங்க கோஷம். டிசம்பர் ஆரம்பத்துலயே அரசு பின்வாங்கிருச்சு. பையன் இதைச் சொல்லி முடிச்சதும் ஹால்ல விசில். மாசக் கடைசின்னா எந்த ஊர் ஹாஸ்டலுக்கும் புரியும்ல!

என் டர்ன் வந்தப்ப நான் அம்மாவைப் பத்திப் பேசினேன். டீசல் 60 ரூபாய்லயும் அப்பா அதே எட்டு லிட்டர் போட்டார், 94 ரூபாய்லயும் அதே எட்டு லிட்டர்தான். விலை அவரைக் குறைக்க வைக்கலை, வீட்டுல மீன் வாங்குறதைத்தான் குறைச்சுச்சு. ஆனா 2021 மே மாசம் டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் இல்லைன்னு ஆனதும், எங்க பழைய டிவிஎஸ் எக்ஸ்எல்லுக்கு ஓய்வு வந்துருச்சு. ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, அத்தை வீடு எல்லாத்துக்கும் அம்மா பஸ்தான். எங்க வீட்டுல பெட்ரோலைக் குறைச்சது அந்தப் பஸ்! விலையை ஏத்துங்க, ஏத்தின காசு எங்க தெருவுக்குப் பஸ்ஸா வரட்டும், அப்பாவுக்குக் கட்டுப்படியாகுற கரன்ட் வண்டியா வரட்டும், அப்ப பூமிக்கு நல்லதுன்னு நானே கையெழுத்துப் போடுறேன்னு முடிச்சேன்.

நடுவரா இருந்த சார், "ஏம்மா, நீ எந்த அணி?"ன்னு கேட்டதுல ஹாலே சிரிச்சுது. பரிசு எதிரணிக்குத்தான். போகட்டும்.

ஃப்ரெண்ட் எடுத்த வீடியோவை அப்பா மூணு தடவை பார்த்தார். பாராட்டுவார்னு பார்த்தா, "நீ முக்கியமான ஒண்ணை விட்டுட்டியே... தூத்துக்குடியில எறக்கிட்டு நான் வெறும் வண்டியாத்தானே திரும்புதேன்? சும்மா வாரதுக்கும் டீசல் குடிக்கில்லா?" எந்தப் புத்தகத்துலயும் நான் அப்படி யோசிச்சுப் பார்க்கலை. அடுத்த வாரமே லோடு வண்டிக்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல வாய்ஸ் மெசேஜ் போட்டார்... 'ஏரல் பக்கம் ரிட்டன் லோடு இருந்தா சொல்லுங்க அண்ணாச்சி.' இப்ப வாரத்துல மூணு நாள் மளிகைச் சாமான் ஏத்திக்கிட்டு வர்றார். அதுக்குன்னு முன்னாடி தனியா ஒரு வண்டி ஓடிக்கிட்டிருந்துச்சாம், அது இப்ப அந்த மூணு நாளும் வேற ரூட் போகுது. திருப்பூர் பேச்சு இன்னும் முழுசா நிக்கலை. அடகு வெச்ச வளையல்ல ஒரு ஜோடிதான் திரும்பியிருக்கு.

"பூமிக்காகத்தானே ரிட்டன் லோடு பிடிக்கிறீங்க?"ன்னு போன்ல கலாய்ச்சேன். "பூமியாவது ஒண்ணாவது... எட்டு லிட்டர் காசு கையைக் கடிக்கிட்டி!"ன்னு வெச்சுட்டார்.