ஓரங்குலச் சிப்பாய்

நாற்பது வயது கடந்த மனிதனுக்குப் புதிதாக ஒரு பைத்தியம் பிடிப்பதில் அவ்வளவு ஆபத்தில்லை. பழைய பைத்தியம் திரும்பி வருவதில்தான் ஆபத்து இருக்கிறது. புதுப் பைத்தியம் பணத்தோடு திருப்தி அடைந்துவிடும். பழையதோ, தான் இல்லாத காலத்தில் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று கணக்குக் கேட்கும். நம்மைப் பிடித்திருப்பது பழைய பைத்தியம். சின்னஞ்சிறு போர்வீரர் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டுவது என்பது அதன் பெயர். பதினாறாவது வயதில் தூரிகையைக் கீழே வைத்தோம். நாற்பத்துமூன்றாவது வயதில் மறுபடியும் எடுத்திருக்கிறோம். இடைப்பட்ட இருபத்தேழு வருஷங்களைக் காலேஜ் படிப்பு, உத்தியோகம், கல்யாணம், குழந்தைகள், மலை மலையாகப் பரீட்சைப் பேப்பர்கள் என்று ஒருவாறு கணக்குத் தீர்த்துவிடலாம்.

"நவராத்திரிக்கு இன்னும் நாலு மாசம் இருக்கிறதே, இப்போதே கொலுப் பொம்மைக்கு வர்ணமா?" என்று அடுத்த வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக விசாரித்தார். அவர் பேரில் குற்றமில்லை. நம் நாட்டில் பொம்மை என்றால் கொலுப் படியில் ஏற வேண்டும். இந்தப் பொம்மைகளின் குலம் வேறு. ஜெர்மனியிலுள்ள நியூரம்பெர்க் நகரத்தில் தகரம் கலந்த உலோகத்தில் தட்டையாக வார்த்து விற்றவை இவற்றின் மூதாதைகள். 1839-ம் வருஷம் அங்கே தொழில் தொடங்கிய ஹைன்ரிக்ஸன் என்பவர், 1848-ல் முப்பது மில்லிமீட்டர் என்று வீரர்களின் உயரத்தை வரையறுத்தார். 1893-ம் வருஷம் லண்டனில் வில்லியம் பிரிட்டன் என்பவர் ஒரு யுக்தி கண்டுபிடித்தார். உருக்கிய ஈயத்தை அச்சிலே ஊற்றி, அச்சை ஒரு சுழற்றுச் சுழற்றி, ஓரத்தில் உறைந்தது போக நடுவில் உருகியிருப்பதைத் திரும்பக் கொட்டிவிடுவது. உள்ளே ஒன்றுமில்லாத வீரன் கிடைப்பான். விலையும் எடையும் குறைந்துவிடும். உள்ளே ஒன்றுமில்லாமல் வெளியே மிடுக்காக நிற்பவர்கள் உலகத்தில் மலிவாகக் கிடைப்பது அன்று தொடங்கிய வழக்கம் அன்று. ஆனாலும் இவர்கள் இரண்டங்குல உயரத்தில் லட்சக்கணக்காகக் கிடைத்தார்கள்.

நமக்கு முதலில் கிடைத்தது ஈய வீரன் அல்ல, பிளாஸ்டிக் வீரன். வியாபாரக் கப்பலில் வேலை பார்த்த நம் மாமா ஒருவர், லீவில் வரும்போது ஓர் அட்டைப் பெட்டி கொண்டுவந்தார். வாட்டர்லூ யுத்தத்தில் சண்டையிட்ட ஆங்கிலேயக் காலாட்படை அதற்குள் இருந்தது. ஒவ்வொருவனும் நம் சுண்டுவிரலின் முதல் கணுவைவிடச் சிறியவன். டர்ப்பென்டைன் நாற்றம் வீடெல்லாம் பரவ, சிறு டப்பியிலிருந்த எனாமல் வர்ணத்தை எடுத்து அத்தனை பேருக்கும் சிவப்புச் சட்டை போட்டோம்.

நம் தாத்தா கதர் தவிர வேறு உடுத்தாதவர். 1942-ல் சில மாதங்கள் சிறைவாசம் செய்தவர். அவர் ஒருநாள் அருகே வந்து உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தோம். கோபிக்கவில்லை. "ஏண்டா, இத்தனை பேரில் நம்ம ஊர்க்காரன் ஒருத்தனாவது இருக்கானா?" என்று மட்டும் கேட்டார். "இல்லை தாத்தா" என்றோம். "சரி, நன்றாய்த்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அவர் காலமாகிப் பல வருஷங்கள் ஆகின்றன. அந்தக் கேள்வி மட்டும் நம்மோடேயே இருந்து வந்திருக்கிறது.

சென்ற வருஷம் ஒன்பதாம் வகுப்பில் 1806-ம் வருஷத்து வேலூர்க் கிளர்ச்சியைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். மதராஸ் ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்த ஸர் ஜான் கிரடாக்கின் காலத்தில், சிப்பாய்கள் நெற்றியில் மதச் சின்னம் தரிக்கக் கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது, மீசை ஒரே மாதிரி இருக்க வேண்டும், தோல் சின்னம் வைத்த புதுமாதிரித் தலைப்பாகை அணிய வேண்டும் என்றெல்லாம் விதிகள் பிறந்தன. மறுத்தவர்களுக்குக் கசையடி கிடைத்தது. ஜூலை மாதம் 10-ம் தேதி, நள்ளிரவு கழிந்த வேளையில், கோட்டைக்குள்ளிருந்த சிப்பாய்கள் எழுந்தார்கள். பகல் முடிவதற்குள், ஆற்காட்டிலிருந்து வந்த குதிரைப்படை அவர்களை அடக்கிவிட்டது. இவ்வளவும் சொல்லி முடித்ததும் கடைசிப் பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, "ஸார், அவங்க முன்னாடி போட்டிருந்த தலைப்பாகை எப்படி இருக்கும்?" என்றான். பாடப் புத்தகத்தில் படம் இல்லை. கரும்பலகையில் எழுதிக் காட்டினோம். வகுப்பு மரியாதைக்காகத் தலையை ஆட்டியது. அன்று மாலை, அந்தப் பையனுடைய கேள்வியும் தாத்தாவின் கேள்வியும் ஒரே கேள்வியாக நமக்குத் தோன்றின.

விசாரித்ததில் ஓர் ஆச்சரியம் தெரிந்தது. அந்த லண்டன் பிரிட்டன் கம்பெனியார் மதராஸ் காலாட்படைச் சிப்பாய்களையும் ஈயத்தில் வார்த்து, பெட்டி பெட்டியாக விற்றிருக்கிறார்கள். நம் ஊரில் நாம் காணாத நம் ஊர்க்காரனை, ஆங்கிலக் குழந்தைகள் தங்கள் வீட்டுத் தரையில் அணிவகுக்கச் செய்து விளையாடியிருக்கிறார்கள்! அந்தப் பழைய பெட்டிகள் இப்போது ஏலக்கடைப் பொருள்கள். ஆனால் 1803-ம் வருஷத்து அஸ்ஸாயி யுத்த காலத்து மதராஸ் சிப்பாய்களை இருபத்தெட்டு மில்லிமீட்டர் உயரத்தில், அதாவது ஓரங்குலத்துக்குச் சற்று அதிகமாக, வெள்ளீயக் கலவையில் வார்ப்பவர்கள் இங்கிலாந்தில் இன்றும் இருக்கிறார்கள். பன்னிரண்டு பேர் தபாலில் வந்து சேர்ந்தார்கள்.

வந்தவர்களைப் பார்த்ததும் தெரிந்த முதல் செய்தி, நம் கண்ணைப் பற்றியது. சிறு வயதில் மூக்கு நுனிக்கு அருகே வைத்துக் கோட் பொத்தானை எண்ணியிருக்கிறோம். இப்போது அதே பொத்தானைக் காணக் கையை முழுவதும் நீட்ட வேண்டியிருந்தது. நீட்டினால் தூரிகை எட்டவில்லை. சாளேசுரம் என்று பெரியவர்கள் பெயர் வைத்திருக்கும் சங்கதி இதுதான். கடிகாரம் பழுது பார்ப்பவர்களைப்போல் தலையில் மாட்டிக்கொள்ளும் பூதக்கண்ணாடி ஒன்று வாங்கினோம். அதை அணிந்த கோலத்தைக் கண்டு வீட்டில் சிரிப்பு அடங்க இரண்டு நாள் ஆயிற்று.

தொழிலும் மாறியிருக்கிறது. டர்ப்பென்டைனும் எனாமலும் போய், தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வர்ணம் வந்துவிட்டது. பத்து நிமிஷத்தில் காய்கிறது, நாற்றமில்லை, வீட்டில் ஆட்சேபணையும் இல்லை. மற்றபடி முறை பழையதுதான். முதலில் அச்சுக் கோடுகளைச் சிறு அரத்தால் ராவ வேண்டும். சோப்புத் தண்ணீரில் கழுவி உலர்த்த வேண்டும். பிறகு அடிப்பூச்சு. அதன்மேல் வர்ணத்தை நீர்த்த பால் பதத்திற்குக் கரைத்து, ஒரே பூச்சாக அப்பாமல், மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை கொடுக்க வேண்டும். துணி மடிப்பின் பள்ளத்தில் கருமை ஓடவிட்டு, மேட்டில் வெளிச்சம் ஏற்ற வேண்டும். ஓரங்குல உருவத்தின்மேல் விழும் அறை வெளிச்சம் மடிப்புகளைக் காட்டப் போதாது. ஆகையால் நிழலையும் வெயிலையும் நாமே எழுதிவைக்க வேண்டியிருக்கிறது. கையோ, நாம் பயந்ததுபோல் மறந்துவிடவில்லை. மூன்றாம் நாள் மாலை, மணிக்கட்டை மேஜை விளிம்பில் ஊன்றி, மூச்சைப் பாதியில் நிறுத்தி, துப்பாக்கி வாரின் ஓரத்தில் மயிரிழைக் கோடு போட்டது. இருபத்தேழு வருஷம் எங்கோ காத்திருந்து திரும்பியதுபோல் போட்டது.

சிவப்புச் சட்டையிலும் ஒரு பாடம் இருக்கிறது. அக்காலத்து ஆங்கிலேய ராணுவத்தில் சாதாரண வீரனின் கோட்டு மஞ்சிட்டி வேரால் சாயமிட்டது. மங்கிய செங்கல் சிவப்பு. அதிகாரியின் கோட்டோ, காச்சினீல் என்ற பூச்சியிலிருந்து எடுத்த விலையுயர்ந்த சாயத்தால் பளீரென்று ஜொலிப்பது. பதவியின் பேதத்தைத் தூரத்திலிருந்தே நிறம் சொல்லிவிடும். சட்டைக்குக் கீழே நம் சிப்பாய்க்கு வெள்ளைத் துணியில் அரைக்கால் சராய், வெறுங்கால், செருப்பு. தலையில் நீலத் தலைப்பாகை. மேற்பாதி இங்கிலாந்து, கீழ்ப்பாதி ஆற்காடு என்று சொல்லும்படியான உடுப்பு.

பிறகு முகத்துக்கு வந்தோம். நம் சிறு வயது டப்பிகளில் 'சதை' என்று பெயர் போட்ட வர்ணம் ஒன்று இருந்தது. இன்றும் சில கம்பெனிகளின் குப்பிகளில் அந்தப் பெயர் இருக்கிறது. திறந்தால் இளஞ்சிவப்பு! உலகத்தில் சதை என்றால் அது ஐரோப்பியன் சதைதான் என்பது குப்பிக்குப் பெயரிட்டவரின் சித்தாந்தம் போலும். பன்னிரண்டு வயதில் அதைப்பற்றி நமக்கு ஒரு வியப்பும் ஏற்பட்டதில்லை. இப்போது அந்தக் குப்பியை நகர்த்தி வைத்துவிட்டு, நம் புறங்கையை விளக்கின் கீழ் நீட்டி வைத்துக்கொண்டு நிறம் கலந்தோம். கரும்பழுப்பில் சிறிது சிவப்பு, சிறிது காவி. வெளிச்சம் படும் கன்னத்துக்கும் மூக்குக்கும் வெள்ளை சேர்த்தால் சாம்பல் பூத்துவிடுகிறது; காவியும் மஞ்சளும் சேர்த்தால்தான் உயிர் வருகிறது. இரண்டு மாலைகள் இதற்கே சென்றன. அதன்பின் மேஜைமேல் நின்றவன் நம் ஊர்ச் சந்தையில் காண்கிற மனிதனாக இருந்தான்.

இனி நெற்றி. 1803-ம் வருஷத்துச் சிப்பாய் ஆகையால், கிரடாக்கின் விதிகள் அவனை இன்னும் தொடவில்லை. தூரிகையில் மூன்று நான்கு மயிர்களே சேரும் நுனியால், ஒருவனுக்குத் திருநீறு இட்டோம். ஒருவனுக்கு நாமம் போட்டோம். ஒருவனுக்கு அழகாகத் தாடி எழுதினோம். காது மடலில் ஒரு பொட்டுப் பொன் நிறம் வைத்தால் கடுக்கன். எதை எதையெல்லாம் அழிக்கும்படி உத்தரவு போட்டார்களோ, அதை அதையெல்லாம் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு போனபோது, இருபது வருஷம் பாடம் சொன்ன நமக்கு அந்தப் பாடம் புதிதாக விளங்கிற்று. தலைப்பாகைக்காகவா உயிரை விட்டார்கள் என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. சம்பளத்துக்காக உடம்பைக் கொடுத்துவிட்ட மனிதனிடத்தில் தனக்கென்று மிஞ்சியிருந்தது நெற்றியும் காதும்தாம். அவை எவ்வளவு சிறியவை என்பது நமக்குத் தெரியும், அளந்து எழுதியிருக்கிறோம்.

அஹிம்சை பேசும் வீட்டில் வளர்ந்தவன் பட்டாளத்துப் பொம்மையோடு பொழுதுபோக்கலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. எச். ஜி. வெல்ஸ் என்ற ஆங்கில ஆசிரியர், ஈய வீரர்களை வைத்து விளையாடும் யுத்தத்துக்கு விதிகள் எழுதி 1913-ல் புத்தகமாக்கினார். இந்தச் சின்ன யுத்தமே மேல், பெரிய யுத்தம் மூடத்தனம் என்பது அவருடைய கட்சி. மறு வருஷமே பெரிய யுத்தம் வந்துவிட்டது. ஆகையால் பொம்மை யுத்தத்தைத் தடுக்கும் என்று நாம் வாதாட முன்வரவில்லை. நாம் கண்டது வேறு. முதல் சிப்பாய்க்கு ஆறு மாலைகள் ஆயின. அந்த 1914-ம் வருஷத்து யுத்தத்தில் உயிரிழந்த இந்தியச் சிப்பாய்கள் சுமார் 74,000 பேர் என்று வகுப்பில் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். ஆளுக்கு ஆறு மாலைகள் வீதம் அவர்களுடைய உருவங்களை எழுத உட்கார்ந்தால், ஒருநாள்கூட ஓயாமல் எழுதினாலும், ஆயிரத்து இருநூறு வருஷங்களுக்கு மேல் ஆகும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபின், அந்த எண்ணைப் பழைய வேகத்தில் நம்மால் சொல்ல முடியவில்லை. அவ்வளவுதான் நம்முடைய அஹிம்சை.

முதல் மூவர் தயாரானதும், பஞ்சு வைத்த டப்பாவில் வகுப்புக்குக் கொண்டுபோனோம். தலைப்பாகை கேட்ட பையன் பூதக்கண்ணாடியை வாங்கி வெகுநேரம் பார்த்தான். தலைப்பாகையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "ஸார், எங்க பெரியப்பா மாதிரி இருக்கார்" என்றான். பிறகு, "இவர் எந்த ஊர் ஸார்?" என்றான். மதராஸ் படைக்கு ஆற்காட்டுச் சீமையிலிருந்தும், திருச்சிராப்பள்ளிப் பக்கத்திலிருந்தும், தெலுங்கு ஜில்லாக்களிலிருந்தும் ஆட்கள் சேர்ந்தார்கள் என்று சொன்னோம். "அப்ப நம்ம ஊராவும் இருக்கலாம்" என்று அவன் தீர்ப்புச் சொன்னான். மறுப்பதற்கு நமக்குக் காரணம் ஒன்றும் தோன்றவில்லை.

இன்னும் ஒன்பது பேர் அடிப்பூச்சோடு அலமாரியில் நிற்கிறார்கள். அரைப் பரீட்சைப் பேப்பர்களும் வந்து சேர்ந்துவிட்டன. முப்பது பேப்பர் திருத்தினால் ஒரு முகம் எழுதலாம் என்று நமக்கு நாமே ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கிறோம். நேயர்களில் யாரேனும் வீணையையோ, ஊசி நூலையோ, சதுரங்கப் பலகையையோ பல வருஷங்களுக்கு முன் ஓரங்கட்டி வைத்திருந்தால், கை மறந்திருக்கும் என்று அஞ்ச வேண்டாம். கண்ணுக்குத்தான் ஒரு கண்ணாடி வேண்டியிருக்கும்.