கறுப்புக் கோடாக ஓடும் நீர்: பழைய நிலப்படத்தோடு கீழ்பென்னாத்தூரில்

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகும் பேருந்தில் சோமாசிபாடியைத் தாண்டினால் கீழ்பென்னாத்தூர். செஞ்சிக்கும் திருவண்ணாமலைக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கிற ஊர். கடைத்தெருவில் இறங்கி, ஒரு டீ குடித்து, பையிலிருந்து இரண்டு படங்களை எடுத்து மேஜைமேல் விரித்தேன்.

ஒன்று, அமெரிக்க ராணுவத்தின் நிலப்படப் பிரிவு 1950களில் இந்தியா முழுவதற்கும் அச்சிட்ட 1:2,50,000 அளவுத் தாள். டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அதில் இந்த ஊர் ஒரு பெயரும் சில நீலத் திட்டுகளும்தான். மற்றொன்று சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 தாள். அளவைக்காரர்கள் பேச்சில் ‘டோபோ ஷீட்’. இதில் இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர். மெட்ரிக் வருவதற்கு முன்பு ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் என்று வரைந்தார்கள்.

தாளின் எண்ணுக்கும் ஒரு கணக்கு உண்டு. வடக்கே 12 முதல் 13 டிகிரி வரை, கிழக்கே 79 முதல் 80 டிகிரி வரை உள்ள கட்டத்துக்கு ‘57 P’ என்று பெயர். அதைப் பதினாறாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 15 நிமிடக் கட்டம். தரையில் சுமார் 27 கிலோமீட்டருக்கு 27 கிலோமீட்டர். திருவண்ணாமலை நகரம் விழுவது அதில் நான்காவது தாளில். இந்த எண் தெரிந்தால் எந்த நூலகத்திலும் பழைய பதிப்பைக் கேட்டு வாங்கிவிடலாம். ஊர்ப் பெயரைச் சொல்லித் தேடினால் கிடைப்பது கடினம். ஒவ்வொரு பதிப்பிலும் ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒவ்வொரு மாதிரி இருக்கும்.

முதலில் சாலையைப் பார்த்தேன். இன்று திண்டிவனம்–கிருஷ்ணகிரி தேசிய நெடுஞ்சாலையாக லாரிகள் பறக்கும் இந்தத் தடம் இரண்டு தாள்களிலும் இருக்கிறது. ஒரு பக்கம் செஞ்சிக் கோட்டை, மறு பக்கம் அண்ணாமலையார் கோவில். 18-ஆம் நூற்றாண்டில் நவாபு, பிரெஞ்சு, ஆங்கில, மைசூர்ப் படைகள் மாறி மாறி நடந்த நாடு இது. 1767 செப்டம்பரில் ஹைதர் அலியும் கர்னல் ஜோசப் ஸ்மித்தும் திருவண்ணாமலையில் மோதினார்கள். அதே 1767-இல்தான் வங்காளத்தில் ஜேம்ஸ் ரென்னல் தலைமை அளவையாளராக நியமிக்கப்பட்டார். சர்வே ஆஃப் இந்தியா தன் பிறந்த ஆண்டாகச் சொல்வது அதைத்தான். பீரங்கி வண்டி எந்த வழியில் போகும், மாடும் ஆளும் எங்கே தண்ணீர் குடிக்கும் என்பதுதான் அன்றைய படைத்தலைவனுக்குத் தெரியவேண்டிய செய்தி. டோபோ ஷீட்டில் ஏரியும் கிணறும் பாறையும் முள்புதரும் அவ்வளவு கவனமாகக் குறிக்கப்பட்டிருப்பதற்கு இந்த ராணுவப் பழக்கம் ஒரு காரணம். உழவுக்காக வரையப்படாத படம் இன்று உழவருக்கு உதவுகிறது.

படத்தில் இல்லாத ஒன்றும் உண்டு. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு ரயில் பாதை வரும் என்று பல ஆண்டுகளாகப் பேச்சு. டோபோ ஷீட் பேச்சை வரையாது. விழுப்புரம்–காட்பாடி பாதை திருக்கோவிலூர் வழியாகத் திருவண்ணாமலைக்குப் போய்விடுகிறது. இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

கடைத்தெருவை விட்டு, ஊருக்கு வெளியே இருக்கும் ஏரிகளில் ஒன்றின் கரையில் ஏறினேன். மாசி மாதக் காலை. நீர் நடுவில் சுருங்கிக் கிடந்தது. உள்வாயில் வேலிகாத்தான் மண்டியிருந்தது. கரைக்கு வெளியே நெல்லும் நிலக்கடலையும். படத்தில் ஏரிக்கரை தடித்த வளைவாக இருக்கும். வளைவு எந்தப் பக்கம் புடைத்திருக்கிறதோ அந்தப் பக்கம் பள்ளம். திறந்திருக்கும் பக்கம் மேடு. இது ஒன்று தெரிந்தால் போதும். சமஉயரக் கோடே இல்லாத தட்டையான நிலத்திலும் நீர் எங்கிருந்து எங்கே போகிறது என்று படித்துவிடலாம். கரையை ஒட்டிச் சிறிய எண்ணும் அதன்பின் ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தும் இருந்தால், சுற்றியுள்ள தரையிலிருந்து கரை அத்தனை மீட்டர் உயரம் என்று பொருள்.

கரைமேல் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா கிட்டே வந்தார்.

“இன்னா தம்பி படம் அது?”

“இந்த ஏரிதாம்மா. பழைய மேப்பு.”

குனிந்து பார்த்தார். “கரை தெரியுது. காவா எங்க? தண்ணி வர்ற காவாய காணமே?”

சரியான கேள்வி. ஏரியைப் பார்ப்பவர்கள் எல்லாரும் படத்தில் நீலத்தைத்தான் தேடுவார்கள். சர்வே ஆஃப் இந்தியாவின் வழக்கப்படி வற்றாத நீருக்குத்தான் நீலம். ஆண்டில் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் ஓடைக்குக் கறுப்பு. மழை வந்தால் மட்டும் ஓடைகள் ஓடும் இந்த வறண்ட நாட்டில் ஏரிக்கு நீர் கொண்டுவரும் தடங்கள் பெரும்பாலும் மெல்லிய கறுப்புக் கோடுகளாகத்தான் இருக்கும். பழகாத கண் அவற்றை ஒற்றையடிப் பாதை என்று நினைத்துக் கடந்துவிடும். ஏரியின் உள்வாய்க்குள் வந்து முடியும் அப்படி ஒரு கோட்டை விரலால் காட்டினேன். “அதான் அதான்,” என்றார் அவர். “மழ நல்லா பேஞ்ச வருசம் ராத்திரிலாம் சத்தம் கேக்கும். ஏரி கோடி போவும்.”

அந்தக் கோட்டைத் தரையில் பிடிக்க, நான் நிற்கும் இடம் படத்தில் எது என்று முதலில் உறுதி செய்யவேண்டும். அதற்கு இங்கே அண்ணாமலையே துணை. ஏறக்குறைய நேர் மேற்கில், சுமார் 814 மீட்டர் உயரத்தில், தனியாக நிற்கும் மலை. காம்பஸை அதன் உச்சிக்குத் திருப்பி ஒரு கோணம், தெரிந்த வேறொரு குன்றுக்கோ கோபுரத்துக்கோ இன்னொரு கோணம். இரண்டு கோடும் தாளில் வெட்டிக்கொள்ளும் புள்ளியில் நாம் நிற்கிறோம். 1802 ஏப்ரலில் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து வில்லியம் லாம்டன் தொடங்கிய முக்கோண அளவையின் அடிப்படையும் உயரத்திலிருந்து கோணம் எடுப்பதுதான். கடலூர் அருகே திருவந்திபுரம் குன்று அவர் தொடக்கத்திலேயே பயன்படுத்திய இடம். பிற்கால அளவையாளர்கள் இரவில் மலையுச்சிகளில் விளக்கேற்றி, தொலைவிலிருந்து அந்த ஒளியைக் குறிவைத்தார்கள். கார்த்திகை தீபம் எரியும் நாட்களில் இந்தக் கரையில் காம்பஸோடு நின்றால் அவர்கள் செய்ததை அப்படியே செய்துபார்க்கலாம்.

கைபேசியின் ஜிபிஎஸ் போதாதா என்று கேட்கலாம். பழைய தாள்கள் எவரெஸ்ட் என்ற பூமி உருவக் கணக்கில் வரையப்பட்டவை. ஜிபிஎஸ் வேறு கணக்கு. திருத்தாமல் பொருத்தினால் இந்தப் பகுதியில் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப்போகும். வாய்க்காலின் அகலமோ மூன்று நான்கு மீட்டர்தான். அதனால் ஏரிக்கரையின் முனை, கலிங்கல், பழைய கோவில் போன்ற அசையாத இடங்களை வைத்துப் படத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

சரிசெய்துகொண்டு உள்வாயிலிருந்து மேட்டுப்பக்கம் நடந்தேன். முதலில் வாய்க்கால் நன்றாகவே தெரிந்தது. இடுப்பளவு பள்ளம், இரு பக்கமும் பனை. பிறகு கரைகள் தேய்ந்து ஒரு வரப்பளவுக்கு ஒடுங்கியது. ஒரு வயலின் மூலையில் பள்ளமே இல்லை. கோரை மட்டும் ஒரு பட்டையாக வளர்ந்து, ஈரம் எங்கே தங்குகிறது என்று காட்டியது. அதைத் தாண்டி வண்ணம் பூசிய மனைக்கற்கள் வரிசையாக நின்றன. புதிதாகப் போட்ட மண்பாதை, படத்தின் கறுப்புக் கோட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. பாதைக்கு அடியில் குழாய் எதுவும் கண்ணில் படவில்லை. அங்கேயிருந்து திரும்பிப் பார்த்தால் ஏரி தெரிகிறது. ஏரியில் யாரும் வீடு கட்டவில்லை, கரை உறுதியாக இருக்கிறது. நீர் வரும் வழியைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

டோபோ ஷீட் எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் நில உரிமையைச் சொல்லாது. ஓடை இங்கே ஓடியது என்று காட்டும். அந்த நிலம் யாருடையது என்று காட்டாது. அதற்கு வருவாய்த் துறையின் கிராம வரைபடமும் ஒவ்வொரு புல எண்ணுக்கும் உள்ள புலப்படமும் வேண்டும். ஊரில் ‘எஃப்எம்பி’ என்றால்தான் புரியும். பழைய புலப்படங்களில் அளவுகள் அடியில் இருக்காது, லிங்க்ஸில் இருக்கும். நூறு லிங்க் சேர்ந்தால் 66 அடிச் சங்கிலி ஒன்று. ‘அ’ பதிவேட்டில் அந்தப் புல எண் ‘ஓடை புறம்போக்கு’ என்றோ ‘வாய்க்கால் புறம்போக்கு’ என்றோ இருந்தால், தரையில் பள்ளம் தூர்ந்திருந்தாலும் அது அரசு நிலம்தான். ஏரிகளின் எல்லையை அளந்து ஆக்கிரமிப்பை அகற்ற 2007-இல் தமிழ்நாடு அரசு தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. ஆனால் அளவையும் அகற்றலும் பெரும்பாலும் நீர் நிற்கும் பரப்பைச் சுற்றியே நடக்கின்றன. மேட்டில், கண்ணுக்கு எட்டாத தூரத்தில், யாருடைய வயலோரத்திலோ ஓடும் வரத்துக்கால்வாயைத் தேடிப் போக, எங்கே தேடுவது என்று முதலில் தெரியவேண்டும். இந்த இடத்தில்தான் பழைய தாள் உதவுகிறது. அது ஓடையின் முழுப் போக்கையும் ஒரே பார்வையில் காட்டுகிறது. பிறகு அந்தப் போக்கில் வரும் புல எண்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம்.

இதற்குப் பெரிய படிப்போ செலவோ தேவையில்லை. 2021-இல் மத்திய அரசு நிலப்படக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. சர்வே ஆஃப் இந்தியாவின் தளத்தில் பதிவு செய்துகொண்டு பொதுப் பயன்பாட்டுத் தாள்களை இறக்கிக்கொள்ளலாம். புலப்படத்தைத் தமிழக அரசின் இணையச் சேவையிலேயே பார்க்கலாம். இரண்டையும் வைத்துக்கொண்டு, ஊரில் வயது முதிர்ந்த ஒருவரோடு ஒரு காலைப்பொழுது நடந்தால் போதும். அவர் “இங்க காவா இருந்துச்சு” என்று சொல்லும் இடத்தில் படத்திலும் கோடு இருந்தால், அது வெறும் ஞாபகம் என்று யாரும் தள்ளிவிட முடியாது.

கீழ்பென்னாத்தூர் பேரூராட்சி, சுற்றியிருப்பவை பெரும்பாலும் ஊராட்சிகள். ஊராட்சிகளில் உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 அன்று கிராம சபை கூடவேண்டும் என்பது விதி. கறுப்புக் கோடுகளைச் சிவப்பு மையால் தடித்து, பக்கத்தில் புல எண்களை எழுதி, அந்தக் கூட்டத்தில் தீர்மானமாக வைக்கலாம். வடகிழக்குப் பருவமழை தொடங்குவது அக்டோபரில். அளப்பதற்கும் தூர்வாருவதற்கும் நடுவில் ஆறு மாதம் இருக்கிறது.